சோலார் போட்ட பிறகு பவர் ஃபேக்டர் 0.95லிருந்து 0.88: எங்கே பார்ப்பது?

ஷாப்ஃப்ளோர் (கோவை)

எல்லோருக்கும் வணக்கம். அரசூர் பக்கம் பம்ப், மோட்டார் உதிரிபாகங்கள் செய்யும் யூனிட்டில் மின்பராமரிப்பு பார்க்கிறேன். 22 கேவி எச்டி (உயர் அழுத்த) சப்ளை, சொந்த டிரான்ஸ்ஃபார்மர் 500 கேவிஏ. பகல் ஷிஃப்ட் மட்டும்தான், காலை எட்டு முதல் மாலை ஆறு வரை. சிஎன்சி மெஷின்கள், பழைய லேத்துகள், விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) வைத்த கம்ப்ரஸர்கள் எல்லாம் சேர்த்து ஓடுகிற லோடு 300 கிலோவாட் சுமார்.

கூரையில் 250 கிலோவாட் சோலார் போட்டோம். 125 கேவிஏ இன்வெர்ட்டர் இரண்டு. யூனிட் கணக்கில் எந்தக் குறையும் இல்லை, சொன்ன அளவுக்கு உற்பத்தி வருகிறது. ஆனால் மாதச் சராசரி பவர் ஃபேக்டர் (இழுக்கும் மொத்த கேவிஏவில் உண்மையாக வேலை செய்யும் கிலோவாட்டின் விகிதம்) 0.95 இருந்தது 0.88க்கு இறங்கிவிட்டது. 0.90க்குக் கீழே போனதால் பில்லில் இழப்பீட்டுக் கட்டணம் ஏறியிருக்கிறது.

சோலார் போட்டவர்களைக் கேட்டால், "எங்கள் இன்வெர்ட்டர் யூனிட்டியில் (பவர் ஃபேக்டர் 1இல்) ஓடுகிறது, பவர் ஃபேக்டரை ஏற்ற வைத்திருக்கும் உங்கள் கெப்பாசிட்டர் பேங்கைப் பாருங்கள்" என்கிறார்கள். கெப்பாசிட்டர் தருபவர், "இன்வெர்ட்டர் ஹார்மோனிக்ஸ் (50 ஹெர்ட்ஸின் மடங்குகளில் வரும் வேண்டாத அலைகள்) தள்ளுகிறது, அதை நீக்கும் ஆக்டிவ் ஃபில்டர் போட்டால்தான் தீரும்" என்று கொட்டேஷன் அனுப்பிவிட்டார். இரண்டு பேர் நடுவில் முதலாளி என்னைத்தான் கேட்கிறார். எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

மூன்றுபேஸ் (திருப்பூர்)

எதையும் வாங்குவதற்கு முன் மூன்று விஷயம் சொல்லுங்கள். நல்ல வெயிலில், உச்சி நேரத்தில், மெயின் மீட்டரில் கிலோவாட் எவ்வளவு, கேவிஏஆர் (வேலை செய்யாமல், காந்தப்புலத்துக்காகப் போய் வரும் பங்கு) எவ்வளவு? அதே நேரம் இன்வெர்ட்டர் இரண்டும் சேர்ந்து எவ்வளவு தருகின்றன? கெப்பாசிட்டர் பேங்க் மொத்தம் எத்தனை கேவிஏஆர், அதைப் போட்டு எடுக்கும் ரிலேக்குப் போகிற சிடி (கரண்டை அளக்கும் சிறு டிரான்ஸ்ஃபார்மர்) எந்த இடத்தில் மாட்டியிருக்கிறது?

மாதச் சராசரியை வைத்துக்கொண்டு ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. அந்த ஒரு மணி நேரத்து ரீடிங் போதும்.

ஷாப்ஃப்ளோர் (கோவை)

இன்று 12 மணிக்கு எடுத்தது: மெயின் மீட்டரில் 90 கிலோவாட், 99 கேவிஏஆர். மீட்டர் காட்டிய பவர் ஃபேக்டர் 0.67. இன்வெர்ட்டர்கள் சேர்ந்து 210 கிலோவாட். கெப்பாசிட்டர் 175 கேவிஏஆர், எல்லா ஸ்டெப்பும் உள்ளே. சாதா கெப்பாசிட்டர்தான், ஹார்மோனிக்ஸைத் தடுக்கும் ரியாக்டர் சுருள் கிடையாது. சிடி, எல்டி (415 வோல்ட்) இன்கமரில் டிரான்ஸ்ஃபார்மருக்கு அடுத்து.

0.67 பார்த்ததும் எனக்கே பயமாக இருந்தது. சோலாருக்கு முந்தைய லாக்புக்கைப் புரட்டினால் அதே நேரத்தில் 300 கிலோவாட், 98, 99, 100 கேவிஏஆர் என்றுதான் இருக்கிறது.

மூன்றுபேஸ் (திருப்பூர்)

விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். லாக்புக்கில் 99, இன்றும் 99. கேவிஏஆர் அசையவே இல்லை. கெப்பாசிட்டர் தருவது குறையவில்லை, லோடும் மாறவில்லை.

நடந்தது இதுதான். யூனிட்டியில் ஓடுகிற இன்வெர்ட்டர் கிலோவாட் மட்டுமே தரும். உங்கள் 300 கிலோவாட்டில் 210ஐ அது ஏற்றுக்கொண்டது, கிரிட்டிலிருந்து வருவது 90 ஆகிவிட்டது. ஆனால் மோட்டார்களுக்குக் காந்தப்புலம் உண்டாக்கத் தேவைப்படும் 99 கேவிஏஆர் முழுவதும் இன்னும் கிரிட்டிலிருந்துதான் வருகிறது. முன்பு 300க்கு 99, அது 0.95. இப்போது 90க்கு 99, அது 0.67. மீட்டர் பார்ப்பது உங்கள் ஆலையை அல்ல. சோலார் போக மிச்சமாக நிற்பதைத்தான் பார்க்கிறது.

மாதச் சராசரியும் இதிலேயே வந்துவிடும். பத்து மணி நேர ஷிஃப்டுக்கு 3,000 யூனிட், அதில் சோலார் ஒரு 1,100 என்று வையுங்கள், இறக்குமதி 1,900. கேவிஏஆர் மணி 990 சுமார். 1,900ஐ இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி எடுத்த வர்க்கமூலத்தால் வகுத்தால் 0.887. உங்கள் பில்லும் 0.88 என்கிறது. ஆக, சோலார் போட்டவர் சொன்னது பொய்யில்லை. யூனிட்டியில் ஓடுவதுதான் சிக்கலே.

தீர்வு இன்வெர்ட்டருக்குள்ளேயே இருக்கிறது. 250 கேவிஏ கொள்ளளவில் 210 கிலோவாட் ஓடும்போது மிச்சம் எவ்வளவு? 250இன் வர்க்கத்தில் 210இன் வர்க்கத்தைக் கழித்து மூலம் எடுத்தால் 135 கேவிஏஆர். உச்சி வெயிலில்கூட 135 கேவிஏஆர் சும்மா கிடக்கிறது. அதற்கான பணத்தை நீங்கள் ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள்.

ஒரு அழகான விஷயம் பாருங்கள். இன்வெர்ட்டரை உங்கள் லோடின் பவர் ஃபேக்டரிலேயே, அதாவது 0.95இல், கேவிஏஆர் தருகிற பக்கம் ஓட்டினால், மிச்சமும் தானாக 0.95 ஆகிவிடும். வெயில் ஏறினாலும் இறங்கினாலும் விகிதம் மாறாது. 0.92 வைத்தால் இன்னும் நன்றாக இருக்கும்: 210 கிலோவாட்டுக்கு 89 கேவிஏஆர் தரும், மீட்டரில் 10 மட்டுமே மிஞ்சும், 0.99. மாலை நாலரைக்கு உற்பத்தி 60 ஆகும்போது 25 கேவிஏஆர்தான் தரும், ஆனால் அப்போது இறக்குமதி 240 ஆகியிருக்கும், மீட்டரில் 0.95க்கு மேல்தான் நிற்கும்.

பேனல்போர்டு (ஈரோடு)

கணக்கு சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நடைமுறைக்கு எளிய வழி இருக்கிறதே. 50 கேவிஏஆர் கெப்பாசிட்டர் ஒன்று கூடுதலாக மாட்டிவிட்டால் 99 என்பது 49 ஆகும், மதியம் 0.88, காலை, மாலையில் 0.98 சுமார். சராசரி 0.95ஐ எட்டிவிடும். செலவும் அதிகமில்லை. இன்வெர்ட்டர் செட்டிங்கை மாற்றப் போனால் பாஸ்வேர்டு கேட்க வேண்டும், வாரண்டி பேச்சு வரும். எனக்குத் தெரிந்த பல யூனிட்டில் கெப்பாசிட்டர் சேர்த்தே முடித்திருக்கிறோம்.

ஏழாம்அலை (சென்னை)

பேனல்போர்டு அண்ணா, வேறு ஆலையில் இது நடக்கலாம். இந்த ஆலையில் வேண்டாம். காரணம் சொல்கிறேன்.

ரியாக்டர் இல்லாத கெப்பாசிட்டரும் டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து ஏதோ ஒரு அலைவெண்ணில் ஒத்ததிர்வு அடையும். அது எத்தனையாவது ஹார்மோனிக் என்று பார்க்க, டிரான்ஸ்ஃபார்மரின் ஷார்ட் சர்க்யூட் கேவிஏவை கெப்பாசிட்டர் கேவிஏஆரால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் போதும். 500 கேவிஏ, இம்பீடன்ஸ் 4.5 சதவீதம் என்றால் ஷார்ட் சர்க்யூட் அளவு 11,111 கேவிஏ. இப்போதுள்ள 175க்கு விடை 7.97. எட்டாவதில் யாரும் கரண்ட் தள்ளுவதில்லை என்பதால் தப்பித்துக்கொண்டிருக்கிறார்கள். 50 சேர்த்து 225 ஆக்கினால் 7.03.

விஎஃப்டியின் உள்ளே இருக்கும் ஆறு பல்ஸ் ரெக்டிஃபையர் தள்ளுவது 5, 7, 11, 13. அதில் ஏழின் மேல் நேராகப் போய் உட்காருகிறோம். 350 ஹெர்ட்ஸ் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மருக்கும் கெப்பாசிட்டருக்கும் நடுவில் பெருகும். கிரிட் பக்க இம்பீடன்ஸையும் கணக்கில் எடுத்தால் இந்த எண்கள் கொஞ்சம் இறங்கும், ஆனாலும் ஏழுக்குப் பக்கத்திலேயேதான் இருக்கும். அதோடு ஸ்டெப் ஸ்டெப்பாக உள்ளே வருவதால், எந்த நேரத்தில் எந்த எண்ணில் நிற்கும் என்று சொல்லவும் முடியாது.

ஷாப்ஃப்ளோர், பேங்க்கில் உப்பின கெப்பாசிட்டர் ஏதாவது இருக்கிறதா? ஃபியூஸ் அடிக்கடி போகிறதா?

ஷாப்ஃப்ளோர் (கோவை)

இருக்கிறது சார். 25 கேவிஏஆர் டப்பா இரண்டு, மேல்மூடி அரை விரல் உயரத்துக்கு எழும்பி நிற்கிறது. ஃபியூஸ் போவது எப்போதும் ஒரே ஸ்டெப்பில். கேபிள் லக் இருக்கும் இடத்தில் பிவிசி ஸ்லீவ் பழுப்பாகிவிட்டது. வெயில் காலம், பேனல் ரூம் சூடு என்று நினைத்து எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டோம்.

ஏழாம்அலை (சென்னை)

அந்த ஸ்டெப் வந்து போகும் நேரத்தில் ஹார்மோனிக் கரண்ட் கூடுகிறது என்று நினைக்கிறேன். கிளாம்ப் மீட்டரை கெப்பாசிட்டர் ஃபீடரில் போட்டுப் பாருங்கள். ட்ரூ ஆர்எம்எஸ் (கோணலான அலையையும் சரியாக அளக்கும்) மீட்டராக இருக்க வேண்டும். 25 கேவிஏஆருக்கு 415 வோல்ட்டில் 35 ஆம்பியர் சுமார் வர வேண்டும். 45, 50 காட்டினால் மிச்சம் ஹார்மோனிக்ஸ்தான்.

அடுத்த முறை கெப்பாசிட்டர் மாற்றும்போது 7 சதவீத டீட்யூன்டு ரியாக்டரோடு வாங்குங்கள். அது ஒத்ததிர்வை 189 ஹெர்ட்ஸுக்கு, அதாவது ஐந்தாவது ஹார்மோனிக்கான 250க்குக் கீழே, இறக்கிவிடும். அப்போது கெப்பாசிட்டர் முனையில் வோல்டேஜ் 7 சதவீதத்துக்கு மேல் கூடும் என்பதால் 440 ரேட்டிங் போதாது, 525 கேளுங்கள்.

பேனல்போர்டு (ஈரோடு)

7.03 கணக்கைப் பார்த்த பிறகு வாதாட ஒன்றுமில்லை. இங்கே இன்வெர்ட்டர் வழிதான் சரி. ஆனால் அந்த ஆக்டிவ் ஃபில்டர் கொட்டேஷன்? அவர் சும்மா சொல்லியிருக்க மாட்டார், ஏதாவது ரீடிங் எடுத்திருப்பாரே.

ஷாப்ஃப்ளோர் (கோவை)

எடுத்தார். சோலாருக்கு முன்பு மெயினில் கரண்ட் டிஎச்டி 9 சதவீதம், இப்போது மதியம் 21 சதவீதம் என்று காட்டினார். எச்டி இணைப்பில் ஹார்மோனிக்ஸ் வரம்பு மீறினால் கட்டணத்தில் 15 சதவீதம் இழப்பீடு என்பதையும் சொன்னார். முதலாளி மிரண்டது அதில்தான்.

ஏழாம்அலை (சென்னை)

இந்த இடத்தில் நிறையப் பேர் தேவையில்லாமல் பணத்தை இழக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

டிஎச்டி என்பது ஹார்மோனிக் கரண்டை அந்த நேரத்து அடிப்படைக் கரண்டால் வகுத்த சதவீதம். சோலாருக்கு முன் 316 கேவிஏ, அதாவது 440 ஆம்பியர். அதில் 9 சதவீதம் 40 ஆம்பியர். இப்போது மதியம் 134 கேவிஏ, 186 ஆம்பியர். அதே 40 ஆம்பியரை 186ஆல் வகுத்தால் 21 சதவீதம். ஆம்பியர் ஒன்றுகூடக் கூடவில்லை. வகுக்கிற எண்தான் சுருங்கியிருக்கிறது. பவர் ஃபேக்டரில் நடந்ததேதான் இங்கேயும்.

ஐஇஇஇ 519 என்ற ஹார்மோனிக்ஸ் தரம் கரண்டுக்கு வரம்பு சொல்வது டிஎச்டியில் இல்லை, டிடிடியில். அதாவது ஹார்மோனிக் ஆம்பியரை உச்ச டிமாண்ட் கரண்டால் வகுக்க வேண்டும், அந்த நிமிடக் கரண்டால் அல்ல. அப்படிப் பார்த்தால் உங்களுக்கு இன்றும் 9 சதவீதம்தான். வரம்பும் எல்லோருக்கும் ஒன்றல்ல. இணைப்பு இடத்தின் ஷார்ட் சர்க்யூட் கரண்ட் உங்கள் லோடு கரண்டைப்போல் எத்தனை மடங்கு என்பதைப் பொறுத்து 5, 8, 12, 15, 20 சதவீதம் என்று போகும். 22 கேவி ஃபீடரில் 500 கேவிஏ ஆலைக்கு அந்த விகிதம் நூறைத் தாண்டுவது சாதாரணம், அப்போது வரம்பு 15. உங்கள் சப்ஸ்டேஷனின் ஃபால்ட் லெவலை எழுத்தில் கேட்டு வாங்கி உறுதி செய்துகொள்ளுங்கள்.

இன்வெர்ட்டர் ஹார்மோனிக்ஸே தள்ளுவதில்லை என்று சொல்லவில்லை. முழு லோடில் நல்ல இன்வெர்ட்டர் 3 சதவீதத்துக்குள் நிற்கும். காலை ஏழு மணிக்கு டிஸ்ப்ளேயில் 15, 20 என்று காட்டும், ஆனால் அது ஐந்தாறு ஆம்பியரில் 20 சதவீதம். அதைப் பார்த்து யாரும் பதற வேண்டாம். பார்க்க வேண்டியது வோல்டேஜ் டிஎச்டி: எல்டி பக்கம் 8 சதவீதம், 22 கேவி பக்கம் 5. அது வரம்புக்குள் இருக்கும்போது ஆக்டிவ் ஃபில்டர் வாங்கச் சொல்ல மாட்டேன்.

பத்து நிமிடச் சராசரி பதிவு செய்யும் அனலைசரை ஒரு வாரம் வாடகைக்கு எடுத்து மெயினில் மாட்டுங்கள், ஞாயிற்றுக்கிழமையும் சேர்ந்து வரட்டும். அந்த அறிக்கையை முதலாளி முன் வைத்துப் பேசுங்கள்.

மொட்டைமாடி (மதுரை)

இழைக்குள் குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள், என்னுடையது வீடு. 5 கிலோவாட், சிங்கிள் பேஸ், மானியத் திட்டத்தில் போட்டது. நல்ல வெயில் நாளில் பதினொன்றிலிருந்து இரண்டு வரை இன்வெர்ட்டர் "கிரிட் ஓவர்வோல்டேஜ்" என்று நின்று நின்று ஓடுகிறது. மேகம் வந்தால் சரியாகிவிடுகிறது. நிறுவியவர் கட்ஆஃப் அளவை ஏற்றிவிடலாம் என்கிறார். ஏற்றலாமா?

மூன்றுபேஸ் (திருப்பூர்)

தாராளமாக வாருங்கள், இதுவும் அதே குடும்பத்துப் பிரச்சினைதான்.

முதலில் கட்ஆஃபைத் தொட வேண்டாம். மத்திய மின்சார ஆணையத்தின் 2013 ஒழுங்குமுறையில், வோல்டேஜ் 110 சதவீதத்தைத் தாண்டினால் இரண்டு வினாடிக்குள் இன்வெர்ட்டர் விலக வேண்டும் என்று இருக்கிறது. 230இல் அது 253. அந்த எல்லை உங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்கும் பக்கத்து வீட்டு டிவிக்கும் பாதுகாப்பு.

செய்ய வேண்டியது ஒரே ஒரு சோதனை. வெயில் நேரத்தில் இன்வெர்ட்டர் முனையிலும் இபி மீட்டர் முனையிலும் ஒரே சமயத்தில் வோல்டேஜ் பாருங்கள். ஒருவர் மேலே, ஒருவர் கீழே, போனில் பேசிக்கொண்டே பார்த்தால் போதும்.

இரண்டுக்கும் வித்தியாசம் ஐந்தாறு வோல்ட் இருந்தால் குற்றவாளி உங்கள் கேபிள். 5 கிலோவாட்டுக்கு 21 ஆம்பியர். மாடியிலிருந்து மீட்டருக்கு 30 மீட்டர், 4 சதுர மில்லிமீட்டர் காப்பர் என்றால் போக வர 60 மீட்டருக்கு 0.28 ஓம், 5.8 வோல்ட். கரண்ட் வெளியே போகிறது என்பதால் இந்த 5.8 இன்வெர்ட்டர் முனையில் கூடுதலாக ஏறி நிற்கும். அதையே 10 சதுர மில்லிமீட்டர் ஆக்கினால் 2.3 வோல்ட்தான். எலெக்ட்ரீஷியன்கள் ஆம்பியர் தாங்குமா என்று மட்டும் பார்த்து 4 போட்டுவிடுகிறார்கள். சோலாருக்கு கேபிளைத் தேர்ந்தெடுக்க வேண்டியது வோல்டேஜ் ஏற்றத்தை வைத்து.

மொட்டைமாடி (மதுரை)

பார்த்தேன். மேலே 254, கீழே மீட்டரில் 249. கேபிள் 4தான், தூரமும் நீங்கள் சொன்ன அளவுக்குக் கிட்டத்தட்ட. ஆனால் மீட்டரிலேயே 249 என்பது அதிகம் இல்லையா?

மூன்றுபேஸ் (திருப்பூர்)

கேபிளை மாற்றினால் 251க்கு வந்து ட்ரிப் பெரும்பாலும் நிற்கும். முதலில் அதைச் செய்யுங்கள்.

மீட்டரில் 249 ஏன் என்பதற்குக் காரணம் நம் விநியோக முறையிலேயே இருக்கிறது. தெரு டிரான்ஸ்ஃபார்மரின் பெயர்ப்பலகையில் 11,000/433 வோல்ட் என்று இருக்கும். 433ஐ 1.732ஆல் வகுத்தால் 250. லோடு ஏறும்போது லைன் நெடுக வோல்டேஜ் இறங்கும், கடைசி வீட்டுக்கு 230ஆவது போகட்டும் என்று தலையில் 250 வைத்தார்கள். கரண்ட் ஒரே திசையில் போன காலத்துக் கணக்கு அது. இன்று மதியம் ஒரு மணிக்குத் தெருவில் லோடு குறைவு, நாலைந்து வீட்டுச் சோலார் எதிர்த்திசையில் தள்ளுகிறது. இறங்க வேண்டிய இடத்தில் ஏறுகிறது.

டிரான்ஸ்ஃபார்மரில் டேப் (வோல்டேஜைப் படிப்படியாக மாற்றும் வசதி) இருந்தால் ஒரு படி இறக்கலாம், ஆனால் மாலை ஏழு மணிக்குக் கடைசி வீடு இருட்டடிக்காமல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எல்லா வீட்டுச் சோலாரும் ஒரே பேஸில் இருந்தால் பிரித்துப் போடலாம். மூன்று பேஸ் இணைப்பு இருக்கும் வீட்டுக்கு சிங்கிள் பேஸ் இன்வெர்ட்டர் வாங்காமல் இருப்பதே பாதி நிவாரணம். பிரிவு அலுவலகத்துக்கு மதிய நேர வோல்டேஜ் பதிவோடு எழுதிக் கொடுங்கள், பதிவு இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும்.

இன்வெர்ட்டரில் வோல்ட்-வாட் வசதி இருந்தால் போடச் சொல்லுங்கள். முழுதாக நிற்பதற்குப் பதில் வோல்டேஜ் ஏற ஏற உற்பத்தியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொள்ளும். ஆஸ்திரேலியாவில் 2020 தரத்திலிருந்து இது கட்டாயம்: 253இல் குறைக்க ஆரம்பித்து 260இல் 20 சதவீதத்துக்கு வந்துவிடும். மூன்று மணி நேரம் நின்று நின்று ஓடுவதற்கு, பத்து சதவீதம் குறைந்து தொடர்ந்து ஓடுவது எவ்வளவோ மேல்.

பேனல்போர்டு (ஈரோடு)

வீட்டு இன்வெர்ட்டர் கேவிஏஆரை உறிஞ்சினால் வோல்டேஜ் இறங்குமே, அதைச் செய்யலாமா?

ஏழாம்அலை (சென்னை)

இறங்கும், ஆனால் எல்டி லைனில் பலன் குறைவு. வோல்டேஜ் ஏற்றம் என்பது கிலோவாட்டை ரெசிஸ்டன்ஸாலும் கேவிஏஆரை ரியாக்டன்ஸாலும் பெருக்கிக் கூட்டுவது. நம் எல்டி கம்பிகளில் ரெசிஸ்டன்ஸ் ரியாக்டன்ஸைப்போல் இரண்டு மூன்று மடங்கு, மாடியிலிருந்து வரும் கேபிளில் ரியாக்டன்ஸ் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஒரு வோல்ட் இறக்க நிறைய கேவிஏஆர் உறிஞ்ச வேண்டும், அதையெல்லாம் தெரு டிரான்ஸ்ஃபார்மர் சுமக்க வேண்டும். 11, 22 கேவி பக்கம் போனால் கதை வேறு, அங்கே இது நன்றாகவே வேலை செய்யும்.

பனையடி (யாழ்ப்பாணம்)

வணக்கம், தொடர்ந்து வாசித்துக்கொண்டிருக்கிறேன். மதுரை அண்ணா சொன்னது எங்களுக்கும் பழகின விடயம். இங்கே அனுமதிக்கப்பட்ட அளவு 230இல் 6 வீதம்தான் கூடக் குறைய, அதாவது மேலே 243.8. ஞாயிற்றுக்கிழமை கடை, கந்தோர் எல்லாம் பூட்டு, வெயிலோ கொளுத்தும். எங்கள் ஒழுங்கையில் அன்றைக்குத்தான் இன்வெர்ட்டர்கள் நிற்கும்.

இது ஒழுங்கையோடு முடிகிற பிரச்சினையும் இல்லை. 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல், பாணந்துறை உபமின்நிலையத்தில் வந்த கோளாறால் நாடு முழுக்க மின்சாரம் போனது நினைவிருக்கும். மின்தேவை குறைந்த நாள், சூரிய மின்சாரத்தின் பங்கு கூடின நேரம். அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்கு ஏப்ரல் 13 முதல் 21 வரை பகல் மூன்று மணி வரை கூரைச் சூரிய இணைப்புகளை நிறுத்தி வைக்கச் சொல்லி மின்சார சபை கேட்டது. நானும் நிறுத்தினேன். ஆனால் கேட்டு நிறுத்துவதைவிட இன்வெர்ட்டரே நிலைமை பார்த்து நடக்கிற மாதிரிச் செய்ய ஏலாதா?

ஏழாம்அலை (சென்னை)

ஏலும். நீங்கள் கேட்டது பெரிய கேள்வி. ஜெர்மனி இதை முதலில் பட்டு உணர்ந்தது. பழைய விதிப்படி அங்கே ஃப்ரீக்வென்சி 50.2 ஹெர்ட்ஸைத் தொட்டதும் எல்லா இன்வெர்ட்டரும் ஒரே கணத்தில் விலக வேண்டும். சோலார் குறைவாக இருந்தபோது அது பாதுகாப்பு. ஆயிரக்கணக்கான மெகாவாட் ஒன்றாகக் கழன்றுகொள்ளும் என்ற நிலை வந்தபோது அதே விதி ஆபத்தாகிவிட்டது. 2012இல் சட்டம் போட்டு 10 கிலோவாட்டுக்கு மேற்பட்ட பழைய சோலார்களின் இன்வெர்ட்டர்களை மாற்றி அமைத்தார்கள், ஃப்ரீக்வென்சி ஏற ஏற உற்பத்தி படிப்படியாகக் குறையும்படி. நம் 2013 ஒழுங்குமுறையில் விலகும் எல்லை 50.5 ஹெர்ட்ஸ், 0.2 வினாடிக்குள்.

வோல்டேஜுக்கு 2025 ஏப்ரல் 28 ஸ்பெயின், போர்ச்சுகல் மின்தடையைப் பார்க்க வேண்டும். வோல்டேஜ் ஏறி, அதனால் சில நிலையங்கள் விலகி, விலகியதால் வோல்டேஜ் இன்னும் ஏறி, மேலும் நிலையங்கள் விலகி, சில நொடிகளில் எல்லாம் இருண்டது. அங்கே சோலார், காற்றாலைகள் பெரும்பாலும் நிலையான பவர் ஃபேக்டரில் ஓடிக்கொண்டிருந்தன. வோல்டேஜ் ஏறும்போது கேவிஏஆரை உறிஞ்சி உதவும் வேலை அவற்றுக்குத் தரப்படவில்லை. அந்த வேலைக்கு இருந்த மரபான நிலையங்களும் போதிய அளவு செய்யவில்லை.

இதை ஷாப்ஃப்ளோருக்கும் சேர்த்தே சொல்கிறேன். நிலையான 0.92 வேலை நாளில் உங்கள் ஆலைக்குள் சரி, ஏனென்றால் அந்த கேவிஏஆரை உங்கள் மோட்டார்களே உள்ளுக்குள் குடித்துவிடும். ஞாயிறு ஆலை மூடியிருக்கும்போது அதே 0.92, 80, 90 கேவிஏஆரைக் கிரிட்டுக்குள் தள்ளும். ஏற்கெனவே வோல்டேஜ் உயர்ந்து நிற்கும் நாளில் அதை இன்னும் ஏற்றும். அதற்கு வழி செய்யாமல் செட்டிங்கை மாற்றாதீர்கள்.

ஷாப்ஃப்ளோர் (கோவை)

செய்து பார்த்த விவரம் எழுதுகிறேன், இதே சிக்கலில் இருப்பவர்களுக்கு உதவும்.

சோலார் நிறுவன சர்வீஸ் பொறியாளரை வரவழைத்து அவர் முன்னிலையிலேயே மாற்றினோம், வாரண்டிப் பேச்சு வரவில்லை. எடுத்ததும் 0.92க்குப் போகாமல் 0.98இல் சோதித்தோம். மெனுவில் "லீடிங்", "லேகிங்" என்று இரண்டுதான் இருக்கிறது. "லீடிங்" போட்டதும் மெயின் மீட்டரில் 99 இருந்த கேவிஏஆர் 141 ஆகிவிட்டது. "லேகிங்" என்று மாற்றியதும் 57. இந்த இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் பக்கத்திலிருந்து பேசுகிறது, அதன் லேகிங்தான் நமக்கு கேவிஏஆர் தருவது. வேறு கம்பெனியில் நேர்மாறாக இருக்கலாம் என்று அவரும் சொன்னார். மெனு வார்த்தையை நம்பாமல் மெயின் மீட்டரைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பிறகு 0.92 வைத்தோம். மதியம் மீட்டரில் 90 கிலோவாட்டுக்கு 11 கேவிஏஆர். இன்வெர்ட்டர் உற்பத்தியில் கண்ணுக்குத் தெரிகிற குறைவு எதுவும் இல்லை. அடுத்த பில்லில் சராசரி 0.96 வந்திருக்கிறது, இழப்பீட்டுக் கட்டணம் இல்லை. உப்பின கெப்பாசிட்டர்களை எடுத்துவிட்டு ரியாக்டரோடு புதிய பேங்க் கேட்டிருக்கிறேன். ஆக்டிவ் ஃபில்டர் கொட்டேஷன் ஒத்திவைக்கப்பட்டது. அனலைசர் அறிக்கையில் வோல்டேஜ் டிஎச்டி 3.4 சதவீதம்.

இரண்டு கேள்வி பாக்கி. ஞாயிறுக்கு என்ன செய்வது? மதியம் ஏபிஎஃப்சி ரிலே (கெப்பாசிட்டரைத் தானாகப் போட்டு எடுப்பது) ஒரு ஸ்டெப்பை எடுப்பதும் போடுவதுமாக இருக்கிறதே, அது சரியா?

மூன்றுபேஸ் (திருப்பூர்)

ரொம்ப மகிழ்ச்சி. 141 என்று ஏறின ரீடிங்கை எழுதினீர்களே, அது பல பேரைக் காப்பாற்றும்.

ஞாயிறுக்கு இரண்டு வழி. எளியது, இன்வெர்ட்டர்களைக் கண்காணிக்கும் டேட்டா லாகரில் நேர அட்டவணை இருந்தால் ஞாயிறு முழுதும் யூனிட்டி என்று வைத்துவிடுவது. பண்டிகை விடுமுறைகளைக் கையால் சேர்க்க வேண்டிவரும். சரியான வழி, மெயினில் ஒரு மீட்டர் வைத்து ஆர்எஸ்485 தரவுக் கம்பி மூலம் லாகருக்கு ரீடிங் கொடுப்பது. அப்போது இன்வெர்ட்டர் மெயினில் 0.98 என்ற இலக்கைப் பார்த்துத் தேவையான கேவிஏஆரை மட்டும் தரும், லோடு இல்லாவிட்டால் தராது.

ஆனால் இரண்டாவது வழிக்குப் போனால் ரிலேயும் இன்வெர்ட்டரும் ஒரே அளவைத் துரத்தும். இவர் போட அவர் எடுக்க, கெப்பாசிட்டரை இணைக்கும் கான்டாக்டர் சுவிட்ச் தேய்ந்துவிடும். ரிலேயின் தாமதத்தை ஒரு நிமிடத்துக்கு மேல் ஏற்றுங்கள். பெரிய அளவை கெப்பாசிட்டர் மெதுவாகத் தரட்டும், மிச்சத்தை இன்வெர்ட்டர் வேகமாகச் சரிக்கட்டட்டும். இப்போது நடக்கும் ஆட்டத்துக்கும் தாமதம்தான் மருந்து. மதியம் 11 கேவிஏஆர்தான் மிஞ்சுகிறது, உங்கள் சிறிய ஸ்டெப்பே 25. மேகம் வந்து போகிற வேகத்துக்கு ரிலே ஆடக் கூடாது.

ரிலே நாலு குவாட்ரன்ட் வகையா என்றும் பாருங்கள். பழைய ரிலேக்கள் கரண்ட் எதிர்த்திசையில் போவதைப் புரிந்துகொள்ளாது. ஏற்றுமதி ஆகும் ஞாயிறுகளில் சிடியைத் திருப்பி மாட்டியதாக நினைத்து கெப்பாசிட்டரை எல்லாம் உள்ளே போட்டுவிடும்.

புதுயூனிட் (ஓசூர்)

நாங்கள் அடுத்த மாதம் 400 கிலோவாட்டுக்கு ஆர்டர் போடப்போகிறோம். இதையெல்லாம் முன்கூட்டியே ஒப்பந்தத்தில் எப்படி எழுதுவது? ராத்திரியிலும் இன்வெர்ட்டர் கேவிஏஆர் தரும் என்று ஒரு விற்பனையாளர் சொல்கிறார், அப்படியென்றால் கெப்பாசிட்டரே வேண்டாமா?

மூன்றுபேஸ் (திருப்பூர்)

ஆர்டருக்கு முன்னால் ஒரு வாரப் பதிவு எடுத்துவிடுங்கள்: கிலோவாட், கேவிஏஆர், வோல்டேஜ், ஹார்மோனிக்ஸ். பிறகு யார் மேல் யார் பழி போட்டாலும் அந்தக் காகிதம் பேசும். ஒப்பந்தத்தில் இன்வெர்ட்டர் திறனைக் கிலோவாட்டில் மட்டும் எழுதாமல் கேவிஏவிலும் எழுதச் சொல்லுங்கள். முழு உற்பத்தியின்போதும் 0.9 வரை கேவிஏஆர் தரக் கூடியதாக இருக்கட்டும். மெயின் மீட்டரைப் பார்த்து நடக்கும் கட்டுப்பாடும் அதற்கான மீட்டர், கம்பி வேலையும் அவர்கள் பொறுப்பில் வரட்டும். "சோலார் ஓடும்போது மெயின் மீட்டரில் பவர் ஃபேக்டர் 0.95க்குக் குறையாது" என்ற வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். இன்வெர்ட்டர் முனையில் 0.99 என்று எழுதித் தருவார்கள். அதனால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை.

ராத்திரி கேவிஏஆர் பல மாடல்களில் உண்டு, வேலையும் செய்யும். ஆனால் அதற்கு இன்வெர்ட்டர் கிரிட்டிலிருந்து கொஞ்சம் மின்சாரம் எடுத்துக்கொள்ளும், உள்ளே இருக்கும் விசிறியும் டிசி கெப்பாசிட்டரும் ராத்திரி ஓய்வில்லாமல் ஓடும். மூன்று ஷிஃப்ட் ஆலையானாலும் நிரந்தர அடிப்படைத் தேவைக்கு ரியாக்டரோடு கூடிய கெப்பாசிட்டர்தான் மலிவு. உங்களுக்கு ராத்திரி ஷிஃப்ட் உண்டா? உச்ச நேரத்தில் கேவிஏஆர் எவ்வளவு, டிரான்ஸ்ஃபார்மர் எத்தனை கேவிஏ? அதைச் சொன்னால் கெப்பாசிட்டர் எத்தனை, இன்வெர்ட்டர் பங்கு எத்தனை என்று போட்டுத் தருகிறேன்.